உடைமரக் கன்று கிடைக்கும் நர்சரி

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் ரோட்டோரம் இருக்கிறது இந்தச் சின்ன நர்சரி. போன ஐப்பசியில் உடை என்கிற முள்மரத்தின் கன்று 12 வாங்கினேன், 9 பிழைத்து இப்போது முழங்கால் உயரம் நிற்கின்றன. மற்ற இடங்களில் குரோட்டன்ஸும் செம்பருத்தியும்தான் அடுக்கியிருப்பார்கள், இங்கே நம்ம கடற்கரைப் பொட்டலில் தானாக வளர்வதைத்தான் வளர்க்கிறார்கள், அதற்காகவே எனக்குப் பிடித்துப்போனது.

"மரத்தைத் தனியா வைக்காதீங்க தம்பி, அடியில புல்லு வரட்டும், வெட்டிச் சுத்தம் பண்ணிடாதீங்க" என்றார் கடைக்கார அண்ணன். சரியான பேச்சு. உடையின் தலை குடை மாதிரி தட்டையாக விரிந்தாலும் இலை ரொம்பப் பொடி, வெயில் சலித்துத்தான் கீழே இறங்கும், அதனால் புல் சாகாது; ஆடு புல்லையும் மேயும், உதிர்ந்த நெற்றையும் தின்னும். மணல் மேட்டுக்கு இராவணன் மீசை என்கிற புல்லும் தந்தார். அதன் தண்டு மணல் மேல் ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்கிறது. இலை நுனி ஊசிதான், வெறுங்கையால் தொட்டு விரலில் ரத்தம் வந்துவிட்டது.

ஒரு குறை உண்டு. இரண்டு பையில் சீமைக்கருவேலம் இருந்தது. அதன் இலை உடையை விட நன்றாகவே நீளம், பார்த்துக் கொடுத்திருக்கலாம். கேட்டதும் மாற்றித் தந்தார்கள். அப்புறம், மழைக்கு முன்னாடியே போய்விடுங்கள், கார்த்திகையில் கன்று மிஞ்சுவதில்லை.