ரைக்கர்ஸ் தீவா, புரூக்ளின் நகர மையமா?

நியூயார்க் நகரச் சிறை இப்போதுள்ள ரைக்கர்ஸ் தீவிலேயே இருக்கலாமா, புரூக்ளின் நகர மையத்துக்கு வரலாமா என்ற வாதத்தில் நான் முதலில் பார்ப்பது, நீதிமன்றம் எவ்வளவு தூரம் என்பதைத்தான். ரைக்கர்ஸில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக் கைதிகள். 1884-இல் நகரம் வாங்கிய தீவு அது. குப்பை கொட்டியே சுமார் 400 ஏக்கராக வளர்ந்தது. உள்ளே போக ஒரே பாலம். வாய்தா நாளில் விடியும் முன்பே கைதியை எழுப்பிப் பேருந்தில் ஏற்றுகிறார்கள். மகனைப் பார்க்க வரும் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். தீவுக்குச் சாதகமாக நான் காண்பது ஒன்றே: இடம் தாராளம்.

புரூக்ளின் நகர மையத்தில் புதிய சிறைக்கென ஒதுக்கிய அட்லாண்டிக் அவென்யூ மனை அப்படியல்ல. குற்றவியல் நீதிமன்றம் பக்கத்திலேயே இருக்கிறது. சுரங்க ரயிலுக்கும் நடந்தே போகலாம். 1957 முதல் அங்கே சிறை இருந்திருக்கிறது. ஆகவே புதிதாகத் திணிக்கிறார்கள் என்ற முறையீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. உயரம் பற்றிய அக்கம்பக்கத்தாரின் கவலை நியாயமானது. மனை சிறியது, மாடிக்கு மேல் மாடியாகத்தான் எழுப்ப வேண்டும், திறந்தவெளி குறையும். செலவும் மிக அதிகம்.

இருந்தும் என் தேர்வு நகர மையம்தான். ரைக்கர்ஸுக்குப் பதிலாக, புரூக்ளின் உட்பட நான்கு புதிய சிறைகளுக்கு நகர மன்றம் 2019-இல் ஒப்புதல் தந்தது. ரைக்கர்ஸை 2027 ஆகஸ்டுக்குள் மூடச் சட்டம் சொல்கிறது. புரூக்ளின் கட்டடம் முடிய 2029 ஆகும் என்பது திட்டம். அந்த இடைவெளியில் தீவில் அடைபட்டிருப்பவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.