46 டாலர் வழியும் 60,000 டாலர் வழியும்: கலிபோர்னியாவில் நர்ஸ் ஆக எதில் சேரலாம்?

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரியில், மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் ஒரு அளவுக்கு, கட்டணம் 46 டாலர். முட்டை விலை, வீட்டு வாடகை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இது மட்டும் 2012-லிருந்து அசையவில்லை. முன்தேவைப் பாடங்களையும் சேர்த்து நர்சிங் படிப்புக்கு ஏறத்தாழ 75 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 3,450 டாலர் ஆகிறது. புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. தனியார் பல்கலைக்கழகங்களின் ஏ.பி.எஸ்.என். என்ற துரிதப் பட்டப்படிப்புக்குப் பல இடங்களில் கல்விக் கட்டணம் மட்டுமே 60,000 டாலரைத் தாண்டுகிறது. இரண்டு வழியில் படிப்பவர்களும் கடைசியில் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வு. கையில் வருவதும் பதிவு பெற்ற நர்ஸ் என்ற அதே ஆர்.என். உரிமம்தான்.

பிறகு எந்தப் பைத்தியம் 60,000 கட்டும் என்றுதான் நானும் கேட்டேன். கம்யூனிட்டி காலேஜில் இடம் ஒதுக்கும் குலுக்கலில் இரண்டு வருடம் என் பெயர் வராமல் போன பிறகு அந்தக் கேள்வியை நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது முறை இடம் கிடைத்தது. கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். என்ற இரண்டு வருட நர்சிங் பட்டம் முடித்து இப்போது மருத்துவமனை வார்டில் இருக்கிறேன். வந்த வழியின் மேல் பாசம் இருக்கிறது, காத்திருந்த கடுப்பும் இருக்கிறது. இரண்டையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்த ஏ.டி.என். 1952-ல் ஒரு சோதனையாகத் தொடங்கியது. போருக்குப் பிந்தைய நர்ஸ் தட்டுப்பாட்டைப் போக்க, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரெட் மான்டேக், இரண்டே வருடத்தில் ஜூனியர் காலேஜில் நர்ஸ்களை உருவாக்கலாம் என்றார். பட்டதாரி நர்ஸுக்குத் துணையாக ஒரு தொழில்நுட்ப நர்ஸ் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. ஆனால் இரு தரப்புக்கும் உரிமத் தேர்வு ஒன்றாகவே அமைந்துவிட்டது. "ஏ.டி.என். போதுமா, இளங்கலை நர்சிங் பட்டமான பி.எஸ்.என். வேண்டுமா" என்ற இன்றைய சண்டைக்கு வேர் அங்கே இருக்கிறது.

கம்யூனிட்டி காலேஜ்: உள்ளே நுழைவதுதான் பாடு

அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி ஆகிய மூன்றும் ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும். கூடவே ஆங்கிலம், கல்லூரியைப் பொறுத்துப் புள்ளியியல், உளவியல். நான் ஊரில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தவள். இங்கே வந்து பாக்டீரியாவுக்குக் கிராம் சாயம் போடுவதை முதல் பாடத்திலிருந்து மறுபடி படித்தேன். வெளிநாட்டில் படித்த அறிவியல் பாடங்களைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. உள்ளூரில் படித்திருந்தாலும் ஐந்து, ஏழு வருடத்துக்கு முந்தையது என்றால் செல்லாது என்று சில இடங்களில் விதி.

இடம் தருவதில் கல்லூரிக்குக் கல்லூரி வழி வேறு. தகுதி உள்ளவர்கள் எல்லாரையும் ஒரே பானையில் போட்டுக் குலுக்குவது ஒன்று. புள்ளி போட்டு மேலிருந்து எடுப்பது இன்னொன்று. புள்ளியும் குலுக்கலும் கலந்த இடங்களும் உண்டு. நான் விண்ணப்பித்தது முழுக் குலுக்கல் கல்லூரி ஒன்றில் மட்டும். பக்கத்து மாவட்டத்தில் புள்ளி போடும் கல்லூரி இருந்தது, என் மதிப்பெண்ணுக்கு அங்கே முதல் வருடமே கிடைத்திருக்கலாம். விசாரிக்காமல் விட்டது என் சோம்பேறித்தனம். ஒன்றரை மணி நேர வண்டித் தூரத்துக்குள் இருக்கும் அத்தனை கல்லூரிகளின் விதிகளையும் ஒரு தாளில் எழுதி, உங்களிடம் ஏற்கெனவே இருப்பதற்கு எங்கே அதிகப் புள்ளி என்று பாருங்கள். முன்தேவைப் பாடங்களை எதில் தொடங்குவது என்பதே அதில்தான் தெரியும்.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்று: புள்ளி முறைக்கு வழிவிடும் கலிபோர்னியாச் சட்டத்தில், ஆங்கிலம் அல்லாத மொழியறிவுக்கும் புள்ளி தரலாம் என்றிருக்கிறது. ஸ்பானிஷ், டகாலோக், அரபி வரிசையில் இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளும் வருகின்றன. எந்த மொழி, என்ன சான்று என்பதைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழுக்கு அரைப் புள்ளி கிடைத்தாலும் அது அம்மா போட்ட சோறு.

அடுத்தது மதிப்பெண். ஊரில் நமக்கு அரியர் பழக்கம். போனால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்று மனம் தானாக நினைக்கும். இங்கே அந்தக் கணக்கு உதவாது. கம்யூனிட்டி காலேஜில் டி அல்லது எஃப் வாங்கினால் திரும்பப் படிக்கலாம். சி வாங்கினால் பொதுவாக முடியாது, ஏனென்றால் சி தேர்ச்சி. அந்த சி உங்கள் ஜிபிஏவில் பல் வலியாக உட்கார்ந்துவிடும். திரும்பப் படித்தாலும் அறிவியல் பாடத்தை எத்தனை முறை எடுத்தீர்கள் என்று எண்ணிப் புள்ளியைக் குறைக்கும் கல்லூரிகள் உண்டு. அதனால் அனாட்டமியோடு வேறு அறிவியல் பாடம் எதையும் சேர்க்காதீர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் முக்கியமாக. ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் போகட்டும். எலும்பிலுள்ள ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு லத்தீன் பெயர் இருக்கிறது, அதை ராத்திரி பத்து மணிக்கு மேல் மனப்பாடம் செய்யும் வயது எனக்குத் தாண்டியிருந்தது.

நர்சிங் படிப்பில் சேர எழுதும் டீஸ் நுழைவுத் தேர்வைப் பற்றித் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். 170 கேள்விகள், 209 நிமிடம். வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம். கணிதத்துக்கு 38 கேள்விகள், 57 நிமிடம், திரையில் கால்குலேட்டரும் உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்கை மறக்காதவர்கள் அதை ஊதித் தள்ளிவிடலாம். ஆங்கிலத்தில் 37 கேள்விக்கு 37 நிமிடம் என்பதால் அங்கேதான் கை நடுங்கும். கம்யூனிட்டி காலேஜுக்குத் தேர்ச்சிக் கோடு 62 சதவீதம். புள்ளி போடும் கல்லூரியில் 62-ஐயும் 90-ஐயும் ஒன்றாகப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். அனாட்டமியும் பிசியாலஜியும் முடித்த கையோடு எழுதுங்கள். அறிவியல் பகுதியில் கிட்டத்தட்டப் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

ஏ.பி.எஸ்.என்.: காசு கொடுத்தால் காலம்

12 முதல் 18 மாதம், முழு நேரம். ஏற்கெனவே ஏதாவது பட்டம் இருக்க வேண்டும். அனாட்டமி முதலான முன்தேவைப் பாடங்களிலிருந்து இங்கும் விலக்கு இல்லை. "பணம் கட்டினால் நாளையே சேரலாம்" என்று நினைப்பவர்கள் அந்த ஒரு வருடத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நம் ஊர்ப் பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். நான்கு வருட பி.இ. என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். என்றால் அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று எல்லாப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொள்வதில்லை. பி.எஸ்சி.யோடு நான் நின்றது அந்த வாசலில்தான். முன்பணம் கட்டும் முன் மதிப்பீட்டை வாங்கிவிடுங்கள்.

இதன் பெரிய பலம், கையில் நேராக பி.எஸ்.என். கிடைப்பது. பலவீனம் வேகம். ஒரு வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஈடுகட்ட அடுத்த வாரம் என்று ஒன்று இருக்காது. ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்து தங்க முடிகிற வீட்டுக்கு இது பொருந்தும். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எல்.வி.என். வழியாக ஏறுவது

எல்.வி.என். என்பது ஆர்.என்.னுக்கு ஒரு படி கீழே உள்ள நர்ஸ் உரிமம். ஏறத்தாழ ஒரு வருடப் படிப்பு, தனித் தேர்வு, உடனே வேலை. பிறகு பாலம் போன்ற இணைப்புப் படிப்பு வழியாக ஆர்.என். திட்டத்தின் இரண்டாம் வருடத்தில் நுழைவது. 2024-ல் நாடளாவிய இடைநிலைச் சம்பளம் எல்.வி.என்.னுக்கு ஆண்டுக்கு 62,340 டாலர், ஆர்.என்.னுக்கு 93,600. சீக்கிரம் கையில் காசு பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு இது கௌரவமான வழி. ஆனால் முதியோர் இல்லத்தில் முழு நேர வேலை பார்த்துக்கொண்டே பிசியாலஜி படிக்கலாம் என்று கிளம்பிய பலர் எல்.வி.என்.னாகவே நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். முதுகு ஓய்ந்துபோகிறது, படிப்பு அடுத்த வருடத்துக்குப் போகிறது.

கலிபோர்னியாவில் மட்டும் உள்ள 30 யூனிட் வழி என்ற குறுக்குப் பாதையையும் யோசித்துத் தொடுங்கள். அதில் ஆர்.என். ஆகலாம், பட்டம் வராது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் பெரும்பாலும் அந்த உரிமம் அங்கே எடுபடாது. கணவரின் வேலை எந்த மாநிலத்துக்கு மாறும் என்று தெரியாத வீட்டில் இது வேண்டாம்.

காத்திருப்புக்கு விலை போட்டால்

2021-ல் மட்டும் பி.எஸ்.என்., மேற்பட்டத் திட்டங்களில் தகுதியிருந்தும் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் 91,938 என்று அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் கணக்குச் சொன்னது. ஒருவரே பல இடத்தில் போடுவதால் இது ஆட்களின் எண்ணிக்கை ஆகாது. கற்பிக்க ஆளில்லை, கிளினிக்கல் என்ற நேரடிப் பயிற்சிக்கு மருத்துவமனையில் இடமில்லை என்பவை முக்கியக் காரணங்கள். கம்யூனிட்டி காலேஜிலும் இதே கதை. கட்டணம் குறைவு என்பதால் கூட்டம் இன்னும் அதிகம்.

கலிபோர்னியாவில் ஆர்.என். சராசரிச் சம்பளம் 2023-ல் 137,690 டாலர். புதிதாகச் சேருபவருக்குக் குறையும், ஒரு லட்சம் என்றே வைப்போம். இரண்டு வருடம் குலுக்கலுக்குக் காத்திருந்தால் இழப்பு இரண்டு லட்சம். அந்தக் கணக்கில் 60,000 கட்டியவள் பைத்தியம் இல்லை, நான்தான்.

ஆனால் இந்தக் கணக்கு வேலை செய்ய அனுமதி உள்ளவர்களுக்கு. எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில், இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் இருப்பவருக்குப் படிக்கத் தடையில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வசித்து மாநிலவாசி என்று நிறுவினால் 46 டாலர் கட்டணமும் கிடைக்கும். சம்பளம் மட்டும் வாங்க முடியாது. அவருக்குக் காத்திருப்பதால் வருமான இழப்பு இல்லை, மத்திய அரசின் கல்விக் கடனும் கிடையாது. 60,000 டாலரைத் தனியார் கடனாக வாங்கிப் படித்துவிட்டு, உரிமத்தை அலமாரியில் வைத்து இ.ஏ.டி.க்காக உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. எல்.வி.என். வழியின் ஒரே கவர்ச்சியான உடனடி வருமானமும் அவருக்கு இல்லை. எச்-4 என்றால் கம்யூனிட்டி காலேஜ், மறுபேச்சில்லை. பச்சை அட்டை கையில் இருக்கிறது, நான்கு வருடப் பட்டமும் வீட்டில் துணையும் இருக்கிறது என்றால் இரண்டு பக்கமும் விண்ணப்பியுங்கள். இரண்டாவது குலுக்கலிலும் பெயர் வராவிட்டால் ஏ.பி.எஸ்.என். பக்கம் போய்விடுங்கள். பச்சை அட்டை இருந்தாலும் ஊரில் வாங்கிய பட்டம் இருப்பவருக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகை வராது, அதை நம்பி வரவு செலவு போடாதீர்கள்.

ஏ.டி.என்.னோடு வேலை கிடைக்குமா? கிடைக்கும். சான்ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தின் பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என்.னுக்கு முன்னுரிமை தருகின்றன. டயாலிசிஸ் மையம், முதியோர் பராமரிப்பு போன்ற இடங்களில் அந்த இறுக்கம் குறைவு. வேலையில் இருந்துகொண்டே இணையவழியில் பி.எஸ்.என். முடிக்கலாம். நியூயார்க்கில் 2017-ல் வந்த சட்டப்படி, புதிதாக உரிமம் பெறுபவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும்.

எந்த வழியானாலும் பள்ளியின் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தைக் கலிபோர்னியா நர்சிங் வாரியத்தின் தளத்தில் பாருங்கள். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் வாரியமே கேள்வி கேட்கும். "வகுப்புக்கே வர வேண்டாம்" என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். 2023 ஜனவரியில் புளோரிடாவில் மூன்று பள்ளிகளின் பெயரில் ஏறத்தாழ 7,600 போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டது வெளியே வந்து 25 பேர் மேல் வழக்குப் பாய்ந்தது.

தயாரிப்பில் ஒன்று, நம்மவர்களுக்கென்றே: கிளினிக்கலுக்கு முன் கேட்கும் காசநோய்ச் சோதனை. நமக்குக் கைக்குழந்தையிலேயே காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டிருப்பார்கள், அதனால் காசநோய்த் தோல் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். இரத்தச் சோதனை வேண்டும் என்று கேளுங்கள், இல்லையென்றால் எக்ஸ்ரே, கடிதம் என்று அலைய நேரும். ஹெபடைடிஸ் பி மூன்று தவணைத் தடுப்பூசிக்கு ஆறு மாதம் ஆகும். இடம் கிடைத்த பிறகு தொடங்கினால் கிளினிக்கல் தொடக்கத்துக்குள் முடியாது.

எங்கள் அடுக்ககத்தில் கடலூர்க்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். எச்-4, பி.காம்., மூன்று வயதுப் பையன். "அக்கா, ஏ.பி.எஸ்.என்.காரங்க தினமும் போன் பண்றாங்க" என்று வந்தாள். மேலே எழுதியதைத்தான் சொன்னேன். இந்த செமஸ்டரில் அனாட்டமி மட்டும் எடுத்திருக்கிறாள். வகுப்பு செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணிக்கு. அந்த இரண்டு நாளும் பையன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறான்.