பண்ணை பார்க்கப் போகிறீர்களா? தீவன வாளியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

சென்னைக்கு வெளியே உள்ள ஒரு பண்ணையைப் பற்றிய எச்சரிக்கை இது. 'குடும்பமாக நடத்தும் பண்ணை, இருபது வகை விலங்குகள்' என்று விளம்பரம். தலைக்கு 500 ரூபாய் முன்பதிவிலேயே வாங்கிவிடுகிறார்கள். உள்ளே போனால் தீவன வாளிக்கு 100, குதிரை ஏற 150, முயலோடு படம் எடுக்க 50 என்று தனித்தனியாகக் கறக்கிறார்கள். வாத்து, வான்கோழியைச் சேர்த்து எண்ணினாலும் பத்து வகை தேறாது. பணமும் திரும்பாது.

பணத்தைவிட மோசம் அந்த வாளி. அதில் இருப்பது ரொட்டித் துண்டு, ஊறிய அரிசி, கொஞ்சம் மக்காச்சோளம். 25 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று கிலோ பசுந்தீவனமும் 200 கிராம் அடர்தீவனமும் (தானியம், பிண்ணாக்கு கலந்தது) போதும். ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு வாளி ஊட்டினால் என்ன ஆகும்? மாவுச்சத்து முதல் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். ஆடு அசை போடுவதை நிறுத்தும், பல்லை நறநறவென்று கடிக்கும், இடப்பக்க வயிறு உப்பும், புளிச்ச வாடையோடு கழியும். உடனே வைத்தியம் பார்க்காவிட்டால் செத்துப்போகும். மூலையில் தலை தொங்கி நிற்கும் ஆட்டை 'வெயிலுக்குத் தூங்குது' என்று சொன்னால் நம்பாதீர்கள். அகத்தி, வேலிமசால் மாதிரிப் பசுந்தீவனத்தைக் கட்டுக் கட்டாக விற்கும் பண்ணை என்றால் நம்பிப் போகலாம்.

அடுத்தது கை கழுவும் இடம். அங்கே கன்றுக்கொட்டில் பக்கத்தில் குழாயே இல்லை, சானிடைசர் பாட்டில் மட்டும்தான். கழிசல் கண்ட கன்றிடமிருந்து தொற்றும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணி சானிடைசருக்குச் சாகாது. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும். கொட்டிலுக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டு மேசை போட்டிருந்தால் அங்கே எதையும் வாயில் வைக்கவே விடாதீர்கள். 'இப்பத்தான் கறந்தது' என்று நீட்டும் பாலும் வேண்டாம். காய்ச்சாத பாலில் புருசெல்லா கிருமி இருக்கலாம்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு கை மார்புக்கடியிலும் ஒரு கை பின்னங்கால்களுக்கு அடியிலும் தாங்க வேண்டும். இல்லையென்றால் அது உதைத்து முதுகெலும்பை உடைத்துக்கொள்ளும். 35 டிகிரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் முயல் தாங்கவே தாங்காது. 200 கிலோ மட்டக்குதிரை சேணத்தோடு சேர்த்து 40 கிலோ சுமக்கலாம். பெரியவர்களை ஏற்றினால் அது கொடுமை. பச்சைக்கிளியைக் கூண்டில் காட்டினால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முன்பதிவு செய்யும் முன் மூன்றே கேள்வி: நுழைவுக்கட்டணத்தில் எதெல்லாம் அடக்கம், என்ன தீவனம் கொடுக்கிறீர்கள், சோப்போடு கை கழுவும் குழாய் எங்கே. பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கும்போது உதவும்.