டீக்கப் பாம், அதாவது டீ கப்புக்குள்ள அடங்கற சைஸ் பாமரேனியன்னு சொல்லி 32,000 புடுங்கிட்டாங்க - பெங்களூர்ல நாய்க்குட்டி வாங்கறவங்க கண்டிப்பா படிங்க

ரீல்ஸ்ல "டீக்கப்", "மைக்ரோ", "பாக்கெட் சைஸ்"னு குட்டி குட்டியா நாய் காட்டறாங்களே, அதைப் பாத்து அட்வான்ஸ் அனுப்பப் போறவங்க தயவுசெஞ்சு கொஞ்சம் நில்லுங்க. போன ஞாயித்துக்கிழமை தான் நாங்க 32,000 ரூபாய் குடுத்து ஏமாந்தோம். இன்னும் வயிறு எரியுது, அந்த எரிச்சல்லயே டைப் பண்றேன், தப்பு இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. எப்படி செக் பண்ணி வாங்கணும்னு கடைசில விவரமா எழுதறேன்.

கடை பேர் போடல, கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கறதால வீட்டுக்காரர் வேணாம்னுட்டார். ரீல்ஸ் போட்டே வியாபாரம் பண்ற கென்னலும் பெட் ஷாப்பும் கலந்த மாதிரி ஒரு இடம், கண்ணாடி ரூம், ஏசி, பிங்க் கலர் லைட்டு, ஃபாலோயர்ஸ் லட்சத்துக்கு மேல. அவ்ளோ தான் சொல்ல முடியும்.

நாங்க இருக்கறது ராமமூர்த்தி நகர்ல மாடி வீடு, வாடகைக்கு. பொண்ணு ரொம்ப நாளா நாய் வேணும்னு உயிரை எடுத்துட்டு இருந்தா. ஹவுஸ் ஓனர் கீழயே இருக்கார், அவர்கிட்ட கேட்டதுக்கு "சிக்கதாத்ரே பரவாகில்ல"ன்னார், சின்னதா இருந்தா வெச்சுக்கோங்க, பெரிய நாய்னா வீட்டை காலி பண்ணிடுங்கன்னு அர்த்தம். அதனால தான் சைஸ் எங்களுக்கு முக்கியம். சும்மா ஸ்டைலுக்கு டீக்கப் வாங்க போனேன்னு யாரும் கமெண்ட் போட வேணாம்.

போன்லயே எல்லாம் கேட்டேன். எவ்ளோ வளரும்? ரெண்டு கிலோ தாண்டாதுக்கா. வயசு? கரெக்டா 60 நாள். ஊசி? ஒண்ணு போட்டாச்சு, கார்டு இருக்கு. எந்த ஊருக்கான்னு அவர் கேட்டார், ஆம்பூர்னேன், "அட, நான் வாணியம்பாடிக்கா, நம்ம ஆளுங்களுக்கு தப்பு பண்ணுவேனா"ன்னார். வெளியூர்ல இருக்கறவங்களுக்கு இந்த ஒரு வார்த்தை என்ன பண்ணும்னு தெரியும்ல. அதோட பேரமே பேசாம 5,000 அட்வான்ஸ் யுபிஐல போட்டாச்சு.

நேர்ல போனா ராஜ மரியாதை. டீ வரவெச்சாரு. குட்டியை ட்ரையர்ல காயவெச்சு, சீவி, பவுடர் போட்டு கொண்டு வந்தாங்க, உடம்பு எது முடி எதுன்னே தெரியல, ஒரு பஞ்சு உருண்டை. கிச்சன் தராசு மேல வெச்சு காட்டினார், 850 கிராம். அப்புறம் ஒரு மக்குல உக்கார வெச்சு பொண்ணு கையில குடுத்து போட்டோ எடுத்தாங்க. (அந்த போட்டோவை இப்ப ஜூம் பண்ணி பாக்கறேன், அது டீ மக்கே இல்ல, அரை லிட்டர் சூப் மக்கு.) அப்பா அம்மா நாயைக் காட்டுங்கன்னு கேட்டேன், அது ஃபார்ம்ல இருக்குக்கான்னு ஒரு வீடியோ காட்டினார், ஆரஞ்சு கலர்ல ரெண்டு குட்டி பாம், பாக்க அவ்ளோ அழகு. "இது சாம்பியன் லைன், கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) தர்ற ஜாதி பேப்பர் வேணும்னா 8,000 எக்ஸ்ட்ரா, நீங்க வீட்டுக்கு தானே வளக்கறீங்க, பேப்பர் எதுக்கு வேஸ்ட்டா"ன்னு நம்ம காசை மிச்சம் பண்ணி குடுக்கற மாதிரி வேற பேசினார். குட்டி என் பொண்ணு கழுத்துல மூஞ்சியை புதைச்சுக்கிச்சு. அவ்ளோ தான், பாக்கி 27,000 அங்கயே போட்டோம். மொத்தம் 32,000. பட்டாணின்னு பேர் கூட வண்டில வரும்போதே வெச்சாச்சு.

மறுநாள் ராத்திரி குட்டி துவண்டு கெடக்குது, கூப்பிட்டா தலையை தூக்கல, திடீர்னு வலிப்பு மாதிரி வருது. கடைக்காரருக்கு போன் போட்டா எடுக்கல. பக்கத்து தெருல நாய் வெச்சிருக்கற ஆன்ட்டி மூலமா ஒரு வெட் டாக்டர் நம்பர் கெடச்சு, அவர் போன்லயே, குளுக்கோஸை தண்ணில கொழைச்சு ஈறுல தடவுங்க, வாயில ஊத்தாதீங்க புரையேறும், ஒடம்பை சூடா வெச்சு உடனே தூக்கிட்டு வாங்கன்னார். தடவி ஆட்டோ புடிச்சோம். சுகர் எறங்கி போயிருந்துச்சாம். இத்துனூண்டு குட்டிங்க கொஞ்ச நேரம் சாப்பிடலன்னாலே அப்படி ஆகுமாம்.

அப்புறம் டாக்டர் பொறுமையா பாத்தார். வாயை தெறந்து டார்ச் அடிச்சு என்னை பாக்க சொன்னார். முன்பல்லு இருக்கு, கோரைப்பல்லு இருக்கு, பின்னாடி பக்கம் ஈறு தான் இருக்கு, இப்பதான் ரெண்டு மூணு இடத்துல வெள்ளையா முனை எட்டிப் பாக்குது. ரெண்டு மாச குட்டிக்கு 28 பால் பல்லும் அநேகமா வந்திருக்கணும்மா, இது அஞ்சு வாரம் இருந்தா அதிகம், இன்னும் தாய்ப்பால் குடிக்க வேண்டிய குட்டின்னார். அதாவது சின்ன ஜாதி நாய்ங்கறதால சின்னதா இல்ல, பச்சைக் குழந்தைங்கறதால சின்னதா இருக்கு! இதுக்கு தான் 32,000.

ஸ்கேனரை கழுத்து மேல தேச்சார், தோலுக்கு அடியில அடையாள நம்பரோட வெக்கற மைக்ரோசிப்பும் இல்ல. நாய் வளர்ப்பு விற்பனைக்குன்னு 2017-ல சென்ட்ரல் கவர்மெண்ட் ரூல்ஸ் வந்திருக்கு, எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாது, ஊசி போட்டு சிப் வெச்சு தான் விக்கணும்னு இருக்காம். ஊசி கார்டை பாத்து சிரிச்சுட்டார் மனுஷன். மருந்து பாட்டில்ல பேட்ச் நம்பரோட ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை உரிச்சு கார்டுல ஒட்டணும். இதுல ஒட்டியிருக்கறது அந்த ஸ்டிக்கரோட கலர் ஜெராக்ஸ். கத்தரியால வெட்டி, பசை போட்டு. கையெழுத்து ஒரு கிறுக்கல், டாக்டரோட ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் கிடையாது.

பாம் தானா சார்னு கேட்டேன். பாத்ததை வெச்சு பிரீட் எழுதி தர முடியாது, வயசு மட்டும் எழுதி தரேன்னார், ஆனா மூஞ்சி நீளத்தையும் கால் எலும்பையும் பாத்தா இது ஸ்பிட்ஸ் (பாம் மாதிரியே இருக்கற, அதைவிட பெரிய ஜாதி), அதுலயும் கலப்பு, எட்டு பத்து கிலோ கூட வரலாம்னார். நம்ம ஊர்ல முன்ன வீட்டுக்கு வீடு பாமரேனியன்னு வளத்த வெள்ளை நாய்ங்க பாதிக்கு மேல இந்தியன் ஸ்பிட்ஸ் தானாம். அமெரிக்கன் கென்னல் கிளப் கணக்குல பாமரேனியன் 3-ல இருந்து 7 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட ஒண்ணரை கிலோல இருந்து மூணே கால் கிலோவுக்குள்ள. அதுவே குட்டி நாய் தான், அதுக்குள்ள டீக்கப்னு தனியா ஒரு பிரீட் எந்த கென்னல் கிளப் புக்லயும் கெடையாது. டீக்கப், மைக்ரோ, பாக்கெட், டெடி ஃபேஸ், கல்ச்சர் பாம், இம்பீரியல் ஷிட்சு எல்லாம் விக்கறவங்க ஒட்டற லேபிள். நெஜமாவே குட்டியா இருக்கறதும் எப்படி வருதுன்னா, நோஞ்சானா பொறந்ததை நோஞ்சானோடயே சேத்து, தீனியை கொறைச்சு, இப்படி தாய்கிட்ட இருந்து சீக்கிரமா புடுங்கி. அதுங்களுக்கு மண்டை உச்சி எலும்பு மூடாம இருக்கும், முட்டிச்சில்லு நழுவும், லிவர் ப்ராப்ளம் வரும். எங்களுதுக்கு லிவர் பாக்கணும்னா ஹெப்பால் வெட்னரி காலேஜுக்கு போக சொல்லியிருக்கார், அந்த செலவு தனி.

இனி கடைக்காரர் கதை. முதல்ல "தீனி மாத்திட்டீங்கக்கா, அதான்". பல்லு போட்டோ அனுப்பினேன், "சில குட்டிக்கு லேட்டா மொளைக்கும்". டாக்டர் எழுதி குடுத்ததை அனுப்பினேன், "வெட்டுக்கு பிரீட் பத்தி என்ன தெரியும் மேடம், நாங்க ஃபீல்டுல இருக்கோம்". கவனிச்சீங்களா, காசு போற வரைக்கும் அக்கா, அப்புறம் மேடம். அடுத்த தடவை ஒரு பொண்ணு எடுத்து சார் மீட்டிங்ல இருக்கார்ங்குது, பின்னாடி அவரே யாரையோ குட்டியை குளிப்பாட்ட சொல்லி கத்தறது எனக்கு கேக்குது. வீட்டுக்காரர் நேர்ல போய் நின்னார். குட்டியை திருப்பி குடுங்க, மேல 10,000 போட்டா "ஒரிஜினல் மைக்ரோ" தரோம்னாங்களாம். அப்ப இது என்ன டூப்ளிகேட்டா? அதுக்கு பதில் இல்ல. பணத்தை குடுங்கன்னா பில்லுக்கு பின்னாடி பாருங்க, நோ ரிட்டர்ன் நோ ரீஃபண்ட்.

அந்த பில்லை அப்பதான் சரியா பாத்தோம். நாய்ங்கற வார்த்தையே இல்ல. "பெட் ஃபுட் அண்ட் அக்சசரீஸ் - 32,000". நாங்க வாங்கினது 32,000 ரூபாய்க்கு பிஸ்கட்டும் பெல்ட்டுமாம்! ரீலுக்கு கீழ கமெண்ட் போட்டேன், டெலீட் பண்ணி என்னை பிளாக் பண்ணிட்டாங்க. நேத்து வேற அக்கவுண்ட்ல பாத்தா அதே ஆரஞ்சு அப்பா அம்மா வீடியோ, வேற கலர் குட்டிங்களுக்கும் அதே அப்பா அம்மா.

திருப்பி குடுத்துடலாமேன்னு சொல்றவங்களுக்கு, அந்த குட்டியை அங்க விட்டா அடுத்த வாரம் இன்னொரு வீட்டுக்கு 60 நாள்னு போகும், வழியிலயே செத்தும் போகும். பொண்ணு விடவும் மாட்டா. ஹவுஸ் ஓனர்கிட்ட என்ன சொல்றதுன்னு மட்டும் இன்னும் தெரியல.

டிப்ஸ் விவரமா எழுதறேன்னு சொன்னேன், குட்டிக்கு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டணும், இப்ப கத்த ஆரம்பிச்சிடுச்சு. சுருக்கமா. வாயை தெறந்து பின் பல்லு பாருங்க. தாய் நாயை நேர்ல பாக்காம வாங்காதீங்க, வீடியோ எல்லாம் கணக்குல சேராது. கார்டுல ஸ்டிக்கரை நகத்தால சுரண்டி பாருங்க. பேப்பருக்கு தனி ரேட் சொன்னா எழுந்து வந்துடுங்க, கேசிஐ சர்டிஃபிகேட்ல சிப் நம்பர் இருக்கும், அது குட்டி கழுத்துல இருக்கற சிப்போட ஒத்து போகணும், சந்தேகம்னா கேசிஐ ஆபீஸ் சென்னைல தான் இருக்கு, கேட்டுடுங்க. பில்லுல நாய், பிரீட், பொறந்த தேதி எழுதாம பைசா குடுக்காதீங்க.

ஏமாந்தவங்க 1915-க்கு போன் பண்ணுங்க, கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன். 2019 சட்டப்படி நாம குடியிருக்கற ஊர்லயே மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன்ல கேஸ் போடலாம், ரெண்டு வருஷம் டைம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல. நாங்க யுபிஐ ஸ்கிரீன்ஷாட், "60 நாள் பாம்"னு அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ், டாக்டர் லெட்டர் மூணையும் எடுத்து வெச்சிருக்கோம். பெங்களூர்ல வேற யாருக்காவது ஸ்டிக்கர் ஜெராக்ஸ் ஒட்டின கார்டோ, "அக்சசரீஸ்"னு போட்ட பில்லோ வந்திருந்தா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. ரெண்டு மூணு பேரா சேந்து போட்டா மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லி தப்பிக்க முடியாது.