அழற்சியைக் குறைக்க வேக நடையா, எடைப் பயிற்சியா?

ரத்தப் பரிசோதனையில் ஹெச்எஸ்-சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்) அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால், இதய நோய் அபாயம் அதிகம் என்று கணக்கு. காயமோ காய்ச்சலோ இல்லாமலே உடலுக்குள் அழற்சி கனன்றுகொண்டிருக்கலாம்.

தொப்பை உள்ளவர்களுக்கு என் ஓட்டு முதலில் வேக நடைக்குத்தான். குடலைச் சுற்றிச் சேரும் உட்கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. அதைக் கரைப்பதில் நடை, ஓட்டம், சைக்கிள் ஆகியவற்றின் கையே ஓங்கியிருக்கிறது. நம் நாட்டவர்களுக்கோ எடை சரியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. இன்னொன்று: கால் தசைகள் வெகுநேரம் உழைக்கும்போது இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்கிறது. கொழுப்பிலிருந்து ஓயாமல் கசிந்தால் கெடுதல் செய்யும் அதே பொருள், உழைக்கும் தசையிலிருந்து வரும்போது அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10-ஐக் கூட்டுகிறது. கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். எனக்கு இது இன்றும் வியப்புதான்.

எடைப் பயிற்சியில் கதை வேறு. புதிதாகத் தொடங்கியவருக்கு, மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை விண்விண்ணென்று வலிக்கும். அதுவும் அழற்சிதான், தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலை அது, சில நாளில் அடங்கிவிடும். (அந்த நாள்களில் சிஆர்பி பரிசோதனை வேண்டாம், எண் ஏறிக் காட்டலாம்.) தசை வலுத்தால் ரத்தச் சர்க்கரையை உள்ளிழுக்கும் திறன் கூடும். ஆகவே சர்க்கரை நோயாளிகளும் 50 வயதைத் தாண்டியவர்களும் வாரம் 2 நாளாவது எடை தூக்குங்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, குறைந்த எடையில் தொடங்குங்கள்.