டெல்டா களிமண்ணில் தாரா, ஜிம்னியா, கூர்க்காவா, பொலேரோவா?

ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் பலம் போகிற வண்டிகளை ஒப்பிட்டு வருகிற வீடியோக்களில் முக்கால்வாசி மலையிலோ மணல்மேட்டிலோ எடுத்தவை. ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்க, வண்டி பாறைமேல் சாய்ந்துகொண்டே ஏறும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கல்லணையைத் தாண்டினால் கிழக்கே பூம்புகார் வரை, தெற்கே கோடியக்கரை வரை நமக்கு மலையும் இல்லை, பாறையும் இல்லை. மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ இருப்பவர் அந்த வீடியோவை நம்பிப் பெரிய தொகையைப் போடுவதற்கு முன்னால், நம்ம மண்ணும் தண்ணீரும் ஒரு வண்டியிடம் என்ன கேட்கின்றன என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் மகிந்திரா தார், மாருதி சுசுகி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா, மகிந்திரா பொலேரோ நான்கையும் வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே குதிரைத்திறனைவிட எடை, அகலம், டயர் மூன்றும்தான் முக்கியம்.

நம்ம வண்டல் களி சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்போது எந்த வண்டியும் போகும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் அதே கரை சோப்பு தேய்த்த தரை மாதிரி ஆகிவிடும். களி டயரின் பள்ளங்களில் அப்பி, பட்டை மறைந்து, புது டயரே மொட்டை டயராக நிற்கும். அதற்குப் பிறகு எஞ்சினில் எவ்வளவு பலம் இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான். கனமான வண்டி சுற்றச் சுற்ற ஆழமாக அழுந்தி, சேசிஸ் களியில் உட்கார்ந்துவிடும். பிறகு டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று கரையின் அகலம். வெண்ணாறு, வெட்டாறு மாதிரி ஆறுகளின் கரையில் பெரும்பாலும் தாராளமாகப் போகலாம். ஆற்றிலிருந்து பிரிந்து வயல் பக்கம் போகிற சின்ன வாய்க்கால்களின் (சி, டி பிரிவு என்பார்கள்) கரைக்கு வந்தால்தான் வேலை ஆரம்பம். தூர் வாரிய மண்ணைக் கரையிலேயே போட்டிருப்பார்கள். அது மேலே காய்ந்து, உள்ளே ஈரமாக இருக்கும். ஓரத்துச் சக்கரம் அதில் ஏறினால் கரை பொலபொலவென்று சரியும். ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ., பொலேரோ 1,745, மூன்று கதவு தார் 1,820. ஜிம்னிக்கும் தாருக்கும் நடுவே ஏறக்குறைய ஏழு அங்குலம். ஷோரூமில் கண்ணுக்கே தெரியாத இந்த ஏழு அங்குலம், ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் நாற்றங்காலும் இருக்கிற இடத்தில் வண்டி போகுமா, ரிவர்ஸில் திரும்ப வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அதனால்தான் ஜிம்னியை நம்ம ஊருக்காரர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். சந்தையில் அதற்குக் கெட்ட பெயர் உண்டு: சின்ன வண்டி, பலம் இல்லை, விலைக்கு ஏற்ற மதிப்பு இல்லை என்று. பலம் குறைவு என்பது உண்மைதான். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ கிடையாது, 105 பி.எஸ். திறன், 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஆனால் எடை சுமார் 1,200 கிலோதான். ஒன்றரை டன்னைத் தாண்டுகிற தாரோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம். ஏணிச் சட்டம் மாதிரியான தனி சேசிஸ், முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில், எஞ்சின் பலத்தை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், தாழ்வேக கியரோடு கூடிய டிரான்ஸ்ஃபர் கேஸ், இவை எல்லா வகையிலும் அடிப்படையாகவே வருகின்றன. 1985-இல் இந்தியாவுக்கு வந்து ராணுவத்திலும் காவல் துறையிலும் உழைத்த ஜிப்சியும் இதே சுசுகி குடும்பம்தான். இந்த எடைக்கு 195/80 ஆர்15 என்ற ஒல்லியான டயர் போதும். மேலே நாலு விரல் சகதி, அடியில் கெட்டி மண் என்றால் ஒல்லி டயர் சகதியை வெட்டிக்கொண்டு கெட்டியைப் பிடிக்கும். கப்பி போட்டு மேலே மண் மூடிய நம்ம கொல்லைப் பாதைகளில் பாதி அந்த ரகம்தான்.

தாரின் டயர் 255/65 ஆர்18. அகலமான டயருக்கு நன்மை மணலில்தான் தெரியும். கொள்ளிடத்துப் படுகை மணலிலும் வேதாரண்யம் பக்கம் கடற்கரையிலும் காற்றைக் குறைத்துவிட்டு ஓட்டினால் தார் நன்றாக மிதந்து போகும். களியில் அதே அகலம் வழுக்கும்.

சரி, கரையைவிட்டு ரோட்டுக்கு வருவோம், அங்கே கதை தலைகீழ். தாரின் 2.2 லிட்டர் டீசல் 130 பி.எஸ். திறனும் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் லாரியைத் தாண்டுவது தாருக்கு ஒரு விஷயமே இல்லை. நாலு பேரை ஏற்றிய ஜிம்னியில் கியரைக் குறைத்து, எஞ்சினைக் கத்தவிட்டு, காத்திருந்துதான் தாண்ட வேண்டும். டீசல் ஜிம்னி கிடையாது. டேங்க் 40 லிட்டர். பின்சீட் நிமிர்ந்திருந்தால் சாமான் வைக்க 208 லிட்டர்தான் இடம். இரண்டு மூட்டை உரத்துக்கே சீட்டை மடக்கும்படி ஆகும். விபத்துச் சோதனையிலும் தாருக்கு ஒரு படி மேலே இடம் தரலாம்: 2020-இல் குளோபல் என்கேப் அதற்கு பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் கொடுத்தது. ஜிம்னியின் மூன்று கதவு வடிவம் 2018-இல் யூரோ என்கேப்பில் மூன்று நட்சத்திரம் பெற்றது. இரண்டும் வெவ்வேறு சோதனை முறைகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மூன்று கதவு தாரில் ஒரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்சீட்டை மடக்கி, அந்தச் சந்தில் நுழைந்துதான் பின்சீட்டுக்குப் போக வேண்டும். வேட்டி கட்டிய தாத்தாவையோ, பட்டுப்புடவையில் இருக்கிற அம்மாவையோ அதில் ஏற்றிப் பாருங்கள். டெல்டாவில் ஒரு குடும்ப வண்டி வாரத்தில் ஒரு நாள் வயலுக்குப் போனால், மற்ற நாளெல்லாம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கும்பகோணத்து ஆஸ்பத்திரிக்கும்தான் போகும். வீட்டுப் பெரியவர்கள் ஏற முடியாத வண்டி சீக்கிரமே ஒருத்தருடைய வண்டியாகச் சுருங்கிவிடும். 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் இந்தக் குறையைத் தீர்க்கிறது, பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரமும் வாங்கியிருக்கிறது. அதன் நீளம் 4,428 மி.மீ., அகலம் 1,870. ஃபோர் பை ஃபோர் டீசலில் மட்டும்தான். அருமையான நெடுஞ்சாலை வண்டி, வாய்க்கால் கரைக்கு அது வேண்டாம்.

இனி டிஃபரன்ஷியல் லாக். ஒரு ஆக்சிலின் இடது, வலது சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரிக்கிற கியர்தான் டிஃபரன்ஷியல், அதைப் பூட்டி இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைப்பது லாக். கரையோரத்தில் வண்டி சாய்ந்து ஒரு பக்கச் சக்கரத்துக்குப் பிடிமானம் போனால், சாதாரண டிஃபரன்ஷியல் பலத்தையெல்லாம் அந்த வழுக்குகிற சக்கரத்துக்கே அனுப்பிவிடும். ஜிம்னி அந்தச் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து, பலத்தை மறுபக்கம் திருப்புகிறது. தாரின் சில வகைகளில் பின் ஆக்சிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக் உண்டு. கூர்க்காவில் முன், பின் இரண்டையும் ஓட்டுநரே பூட்டலாம், அதுவும் கம்பெனியிலேயே வருகிறது. காகிதத்தில் பார்த்தால் கூர்க்காவுக்குத்தான் வெற்றி. சகதிப் பள்ளத்தில் நேராக மாட்டிக்கொண்டால் நிஜத்திலும் அதற்குத்தான் வெற்றி. ஆனால் நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்த ஈரக் கரையில் இந்தப் பூட்டை யோசிக்காமல் போடக் கூடாது. பூட்டாத வண்டியில் ஒரு சக்கரம் சுற்றும்போது மறு சக்கரம் நின்று, வண்டியை இடத்தில் பிடித்து வைத்திருக்கும். பூட்டினால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், வண்டியின் வால் பகுதி சரிவு இருக்கிற பக்கம், அதாவது வாய்க்கால் பக்கம், இறங்கிவிடும். கரை சரிவாக இருந்தால் பூட்டை எடுத்துவிட்டு, 4 லோவில் (நாலு சக்கரமும் தாழ்வேக கியரில்) மெதுவாக, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நகர்வதே மேல்.

தண்ணீருக்கு வருவோம். தார் 650 மி.மீ. ஆழம் வரை தாங்கும் என்கிறது மகிந்திரா. கூர்க்காவுக்கு ஃபோர்ஸ் சொல்வது 700. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு அங்குலம்தான். தரையிலிருந்து அடிப்பாகம் இருக்கும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று: தார் 226, கூர்க்கா 233. ஜிம்னியின் 210-உம் தரையில் மோசமில்லை, ஆனால் ஆழத் தண்ணீர் அதற்கான வேலை இல்லை. கூர்க்காவின் உண்மையான பலம் ஸ்நார்க்கல். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூரை மட்டத்திலிருந்து எடுப்பதால், முன்னால் எழும்பும் அலை எஞ்சினுக்குள் போய் கனெக்டிங் ராடை வளைக்கும் ஆபத்து குறைகிறது. வெளியே ஒரு குழாயை வாங்கி மாட்டுவதைவிட, கம்பெனி பொருத்தியதே இருப்பதில் இன்னொரு நிம்மதி: ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் தகராறு வராது. பம்பருக்கு முன்னால் மாட்டுகிற கிராஷ் கார்டு என்ற இரும்புத் தடுப்பை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடுக்கச் சொல்லிவிட்டது, அதையும் மறந்துவிடாதீர்கள்.

இந்த ஆழக் கணக்கெல்லாம் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீர் வேறு. இரண்டடி ஆழத்தில் இழுத்துக்கொண்டு ஓடும் வெள்ளம் பெரும்பாலான வண்டிகளை நகர்த்திவிடும். கனமான கூர்க்காவும் இதற்கு விலக்கு என்று நினைக்க வேண்டாம். ரோட்டைத் தாண்டி வெள்ளம் போகும்போது எது ரோடு, எது வாய்க்கால் என்று கண்ணுக்குத் தெரியாது. அங்கே எந்த பிராண்டும் கைகொடுக்காது, நிறுத்திவிட வேண்டியதுதான். தண்ணீரில் இறங்கி வந்தால் மறுநாளே டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு வேறு. அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவாமல் விட்டால் சேசிஸ் துருவுக்குத்தான்.

கூர்க்காவை வாங்கத் தயங்குகிறவர்கள் சொல்லும் காரணம் சர்வீஸ். மாருதி, மகிந்திரா அளவுக்கு ஃபோர்ஸுக்கு ஊருக்கு ஊர் ஷோரூம் இல்லை, அது நியாயமான தயக்கம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கூர்க்காவின் 2.6 லிட்டர் டீசல், ஃபோர்ஸ் டிராவலர் வேனில் ஓடுகிற அதே குடும்பத்து எஞ்சின். கும்பகோணத்தைச் சுற்றி நவகிரகக் கோயில்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்களில் டிராவலர் நிறைய. எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக்குக்கு நமக்குப் பஞ்சம் இருக்காது, லாக், டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலைக்குத்தான் கம்பெனியைத் தேட வேண்டும். 2024-இல் எஞ்சின் திறனை 91-லிருந்து 140 பி.எஸ்.ஸுக்கு உயர்த்தி, ஐந்து கதவு வடிவமும் கொண்டுவந்தார்கள். ஆட்டோமேட்டிக் கிடையாது. உயரம் இரண்டு மீட்டரைத் தாண்டும், வீட்டு போர்ட்டிகோவை அளந்துவிட்டுப் போங்கள்.

பொலேரோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, 2000-லிருந்து நம்ம ரோட்டில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 75 பி.எஸ்., பின்சக்கர இழுவை மட்டும், 180 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், ஏழு பேர். ஆனால் உண்மையைச் சொன்னால் டெல்டாவில் ஜீப் வேண்டும் என்று கேட்கிற பத்துப் பேரில் பாதிக்கு மேல் தேவை இதுதான். குறுவை அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு மழைக்குப் பயந்துகொண்டு போய்ப் பார்க்கிற விவசாயிக்கு, அந்த நிலையம் வரை தார் ரோடு இருக்கிறது. வயலுக்குள் எந்த ஃபோர் பை ஃபோரும் இறங்கப் போவதில்லை, அங்கே கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்ட டிராக்டர்தான்.

விலையிலும் பொலேரோவுக்கு ஒரு சாதகம் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த ஜி.எஸ்.டி.யில், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,500 சி.சி.க்குள் டீசல் எஞ்சினும் இருந்தால் 18 சதவீதம். பெட்ரோல் என்றால் வரம்பு 1,200 சி.சி. பொலேரோ 18-இல் வருகிறது, தாரின் 1.5 லிட்டர் பின்சக்கர டீசலும் அப்படித்தான். ஜிம்னி நீளத்தில் நான்கு மீட்டருக்குள்தான், ஆனால் 1,462 சி.சி. பெட்ரோல் என்பதால் 40 சதவீதத்தில் மாட்டிக்கொள்கிறது. தார் 2.2 டீசலும் கூர்க்காவும் அதே 40. அளவில் சிறியதான ஜிம்னி விலையில் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீசல் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிந்து தீர வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். தினமும் வீட்டிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து டீக்கடைக்கு என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் என்றால் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். அந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் ஜிம்னி பொருத்தம், மைலேஜ் கணக்கையும் மீறி.

நிலம் வாய்க்கால் கரையோரம், வீட்டில் மூன்று நான்கு பேர், வெளியூர் ஓட்டம் குறைவு என்றால் நான் ஜிம்னி மேனுவலை எடுப்பேன். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை சென்னை போகிறவர், தனியாகவோ ஜோடியாகவோ ஓட்டுகிறவர் என்றால் தார் டீசல். ஏழு பேர் குடும்பம், தார் ரோடு முடிகிற இடத்தோடு வேலையும் முடிகிறது என்றால் பொலேரோ. கூர்க்காவை நான் கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்குத்தான் சொல்வேன். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த வேதாரண்யம் மாதிரி இடத்தில் இறால் பண்ணையோ தென்னந்தோப்போ வைத்திருப்பவருக்கு, ரோடெல்லாம் தென்னை விழுந்து கிடக்கும் நாளில் இரண்டு லாக்கும் ஸ்நார்க்கலும் உள்ள வண்டி சொந்தமாக இருப்பது பெரிய பலம். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் எந்த ஊரில் ஃபோர்ஸ் சர்வீஸ் இருக்கிறது, லாக்குக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.