குப்பை மதிப்பு: பூஜ்யம் போட்டு மூடுவதா, கேஎம்சான் வைத்துப் பிடிப்பதா?

யூஎஸ்பி நெட்வொர்க் கருவியிடம் டிரைவர் இரண்டு பைட் கேட்கிறது. கருவி ஒன்றுதான் தருகிறது, சில நேரம் அதுவும் இல்லை. டிரைவரோ எத்தனை பைட் வந்தது என்று பார்க்காமல் மேலே போகிறது. மாறியில் இருப்பது ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன்கள் தற்காலிக மாறிகளை வைக்கும் நினைவகத்தில், பழைய ஃபங்ஷன் விட்டுப்போன குப்பை. லினக்ஸின் ஏசிக்ஸ் டிரைவரில் இதே பிழை ஒரு முறை திருத்திய பிறகும் வேறொரு வழியில் திரும்பி வந்தது.

மதிப்பு வைக்காத மாறியைப் பற்றிக் கம்பைலர் தரும் எச்சரிக்கையை இதில் நம்ப முடியாது. மாறியின் முகவரியை இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுத்துவிட்டால் கம்பைலருக்குப் பெரும்பாலும் கண் தெரியாது. பொய் எச்சரிக்கைகளின் தொல்லையால் 2020-இல் லினக்ஸ் அவற்றில் ஒரு வகையை வழக்கமான பில்டிலிருந்தே நீக்கியது.

மதிப்பு வைக்காத ஸ்டாக் மாறிகளில் கம்பைலரே 0 போட்டுவிடும் பூஜ்ய நிரப்பலைக் கிளாங், ஜிசிசி 12 ஆகிய கம்பைலர்கள் தருகின்றன. செலவு குறைவு. ஸ்டாக்கில் மிச்சமிருக்கும் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தகவல் வெளியே கசிவதும் நிற்கும். ஆனால் வன்பொருளுக்குப் பூஜ்யமும் ஒரு பதில்தான். 'தயார்' பிட்டுக்காகக் காத்திருக்கும் சுழலில் 0 வந்தால், கருவி இன்னும் தயாராகவில்லை என்றே டிரைவர் நினைக்கும். வாசிப்பே தோற்றது என்ற உண்மை புதைந்துபோகும். பூஜ்யத்துக்குப் பதில் 0xஏஏ என்ற பைட்டை நிரப்பினால் பாயின்டர் (நினைவக முகவரி) பிழைகள் சட்டென்று வெடிக்கும், சோதனைக்கு நல்லது. ஆனால் கருவியிலிருந்து வாசிக்கும் ரிஜிஸ்டர் மதிப்பில் அதுவும் நிஜம்போலவே தெரியலாம்.

கேஎம்சான் வேறு ரகம்: கர்னல் ஓடும்போதே குப்பை மதிப்பின் பயன்பாட்டைக் கண்டுபிடிக்கும் சோதனை வசதி. 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1-உடன் வந்தது. எந்த பிட் எழுதப்படவில்லை என்பதை நிழல் நினைவகத்தில் குறித்துவைக்கும், அந்தக் குப்பை எங்கே பிறந்தது என்பதையும் சேர்த்து. வெறுமனே நகலெடுத்தால் கூச்சலிடாது. அதை நம்பிக் கிளை பிரியும்போதோ, பயனர் பக்கம் அனுப்பும்போதோதான் பிடிக்கும். இந்தப் பொறுமைதான் எனக்கு மிகப் பிடித்தது. விலையும் உண்டு: நினைவகத்தை விழுங்கும், வேகம் படுத்துவிடும், கிளாங் கட்டாயம். ஓடிய பாதையில் உள்ள பிழைதான் சிக்கும். டிஎம்ஏ வழியாக, அதாவது செயலி இடையில் வராமல் நேரடியாக, கருவி எழுதும் பஃபர் முழுவதையும் எழுதப்பட்டதாகவே எடுத்துக்கொள்வதால், அங்கே பாதி நிரம்பியது தப்பிவிடும்.

இரண்டையும் ஒரே கர்னலில் போட முடியாது. பூஜ்யம் நிரப்பினால் கேஎம்சான் பார்க்க ஸ்டாக்கில் எதுவும் மிஞ்சாது. பயனருக்குப் போகும் கர்னலில் பூஜ்யம், சோதனைக் கர்னலில் கேஎம்சான் என்பதே என் தேர்வு. டிரைவர் எழுதுபவர் இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: லினக்ஸ் 5.10-இல் வந்த யூஎஸ்பி வாசிப்பு ஃபங்ஷனுக்கு மாறுவது. கேட்டதைவிடக் குறைவாக வந்தால் அது பிழை என்றே சொல்லிவிடும்.